தெளிந்த தண்ணீர்மேல் ஒரு சந்தேகம்

ஜூலை 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் குடியிருப்புத் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் தேறவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தேன், பொடி எழுத்துகூடத் தெரிந்தது. ஆற்றுத் தண்ணீரை வெறும் முருங்கை விதையால் இப்படித் தெளிய வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் கிருமி வளர்த்துப் பார்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்தால் தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள். வயிற்றைப் புரட்டிப் போடுகிற வகை.

அக்காவாக இல்லாமல், பரிசோதனைக்கூடத்தில் கையெழுத்துப் போடுகிறவளாக ஒன்று கேட்கிறேன். ப்ளீச்சிங் பவுடர் போடுகிறாயா, இல்லையா? விதை தண்ணீரைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்ல ப்ளீச்சிங் வேண்டும். இது உனக்கும் தெரியும்.

'கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்ற அறிவிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். தொட்டியில் ஒட்டு. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் தொட்டிக்குப் பூட்டுப் போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டியது என் வேலை. பூட்டிவிட்டால் உங்கள் ஜனங்கள் பழையபடி ஆற்றங்கரைக்குத்தான் குடத்தோடு போக வேண்டும்.

போன் போட்டால் எடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் காலி பாட்டில் பெட்டிக்குள் வைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா


ஜூலை 7

பெருமதிப்புக்குரிய பரிசோதகர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்குப் புரியும்படி விளக்கமாக எழுதுகிறேன்.

மரத்திலேயே முற்றிக் காய்ந்த முருங்கைக்காயைத்தான் வாங்குகிறோம். பச்சையாகப் பறித்துக் காயவைத்த விதை வேலைக்கு ஆகாது. ஓட்டை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் அரைத்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டினால் பால் மாதிரி வரும். அதைத் தொட்டியில் ஊற்றி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கிளறி விடுவேன். சேறெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் தெளிவை அடுத்த தொட்டிக்கு இறக்கி, அதில் ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுவேன். தினமும் ஊற்றுகிறேன். ஊற்றிய கையோடு கொஞ்சம் தண்ணீரை எடுத்து, நீங்கள் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுப் பார்க்கிறேன். நல்ல ரோஸ் நிறம் வருகிறது. ரோஸ் வந்தால் தண்ணீரில் ப்ளீச்சிங் மருந்து இருக்கிறது என்று அர்த்தம் என நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது மாற்றிவிட்டீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம்வரை தண்ணீரைத் தெளிய வைக்க இந்தத் தொட்டிக்குப் படிகாரம் சப்ளை செய்தது யார்? தங்கள் கணவர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "இந்தப் படிகாரத்துல கலப்படம் இருக்கு"ன்னு சொன்னது யார்? நான். அன்றோடு பேச்சை நிறுத்தியது யார் என்பதும் தங்களுக்கே தெரியும். நான் விதைக்கு மாறிய உடனே தண்ணீரில் கிருமி வந்துவிடுகிறது. அதிலும் தங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் வருகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவது பாட்டில் இத்துடன் உள்ளது. மூடியில் மெழுகு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தொட்டிக் காவலன்


ஜூலை 12

டேய்,

அம்மாவாம், அவர்களாம். பக்கத்து மேஜைக்காரி உறையைப் பார்த்துவிட்டு "யாரு, கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவதும் தேறவில்லை.

நீ வைத்த மெழுகை நானேதான் உடைத்தேன். என் புருஷன் இந்தக் கட்டடத்துப் படியைக்கூட மிதித்ததில்லை. அவரிடம் உன் கடிதத்தைக் காட்டவும் இல்லை. ஆனாலும் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "தண்ணியத் தெளிய வச்சிட்டு உன்னைக் கலக்கி விட்டுட்டானா உன் தம்பி?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். அவர் மனதில் ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான்கு வருடம் உனக்கு லோடு இறக்கியவரை ஊர் நடுவில் கலப்படக்காரர் ஆக்கினாய். அது ஆறுகிற காயமா?

இப்போது நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். தொட்டித் தண்ணீரில் மருந்து வாடை அடிப்பதாகப் பெண்கள் உன்னிடம் சண்டைக்கு வந்தார்களாமே? இப்போது அந்த வாடையே இல்லையாமே? கண்டக்டர்தான் சொன்னார், பாராட்டாக. ஊராரிடம் நல்ல பெயர் வாங்க ப்ளீச்சிங்கைக் குறைத்துவிட்டாயா? சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் நேரத்தில் மட்டும் ஊற்றுகிறாயா? உன் வீட்டுக்காரியும் குழந்தையும் அதே குழாயில்தானே பிடிக்கிறார்கள்?

உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி ஏதாவது செய்யலாம். மறைத்தால் நானும் எதுவும் செய்ய முடியாது. இன்னும் ஒரே ஒரு பாட்டில்தான் பாக்கி.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

வாடை பற்றிச் சண்டைக்கு வந்தது உண்மை. ஆனால் நான் ப்ளீச்சிங்கைக் குறைக்கவில்லை. வாடை தானாகவே போய்விட்டது. இந்த மழைக்கு ஆறு செக்கச் செவேலென்று வருவதால் விதைப் பாலைத்தான் கூட்டியிருக்கிறேன். முன்பைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. வெளியூரிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்.

மூன்றாவது பாட்டிலை நானே நிரப்பி, நானே மூடினேன். வேறு யார் கையும் படவில்லை. நீ எப்படிப் பார்ப்பாயோ அப்படியே பார். உன் மனசாட்சிக்கு விட்டுவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். வாண்டுக்கு முன்பல் விழுந்திருக்கிறது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூலை 17

என் தங்கத் தம்பிக்கு,

தேறிவிட்டது! தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டு, "நீயும் பாரு, என் கண்ணு ஏமாத்துதோ என்னவோ" என்று காட்டினேன். அவளும் பார்த்துவிட்டு இல்லை என்றாள்.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். தொட்டியில் ஒட்டு. கொதிக்க வைக்கச் சொன்ன அறிவிப்பை எடுத்துவிடலாம். பாட்டிலைத் திறந்தபோது விதையின் பச்சை வாடை கொஞ்சம்கூட இல்லை. முதல் இரண்டிலும் லேசாக இருந்தது. இந்தத் தடவை நன்றாக வடிகட்டியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கூட்டத்தில் அப்படிப் பேசியதற்கு மறுவாரமே, அவருடைய குடோனிலிருந்து ஒரு படிகாரக் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து இங்கே சோதித்துப் பார்த்தேன். சுத்தமான சரக்கு. அதை உன்னிடம் சொன்னால் புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பாய். அவரிடம் சொன்னால் என்னையும் சந்தேகப்பட்டாயா என்பார். இரண்டு பேரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் பேசிய பேச்சுக்கு நீ அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்கி வந்துவிடுவார்.

சாயங்காலம் போன் போடுகிறேன். இந்தத் தடவையாவது எடு. வாண்டுவோடு பேச வேண்டும். பல் விழுந்த வாயால் 'அத்தை' என்று சொல்வதைக் கேட்க வேண்டும்.

உன் அக்கா


ஜூலை 20

அக்கா,

சான்றிதழ் வந்தது. நான் ஒட்டவில்லை, ஒட்ட விடவும் நினைக்கவில்லை. ஆனால் கண்டக்டர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே "தேறிடுச்சு" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ என் கையிலிருந்து பிடுங்கி ஒட்டிவிட்டார்கள். பழைய அறிவிப்பைக் கிழித்தும் போட்டுவிட்டார்கள்.

போன் எடுக்காததற்கு ஒன்றும் இல்லை. வேலை இருந்தது.

அத்தான் சரக்கு சுத்தம் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். ஒரு பாட்டில் தேறிவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் நல்லது என்றுதானே அர்த்தம்? முதல் இரண்டு பாட்டிலிலும் நிஜமாகவே கிருமி இருந்ததா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 22

தம்பி,

நீ சும்மா கேட்கிறவன் இல்லை. சின்ன வயதிலிருந்தே நீ சும்மா கேட்டதெல்லாம் எங்கேயோ இடித்துக்கொண்டு வந்து நிற்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் நேரே குளிர்பெட்டிக்குப் போனேன். மூன்று பாட்டிலிலும் மிச்சம் இருந்ததை எடுத்து, கிருமியை விட்டுவிட்டு, தண்ணீரில் கலந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைச் சோதித்தேன். முதல் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. மூன்றாவது வேறு குடும்பம். சுண்ணாம்பில் பெரும்பகுதி காணவில்லை. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. கெட்டிலின் அடியில் படியுமே, அது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே அனுப்பினாய்?

இன்னொன்றையும் கேள். காலையிலேயே சந்தைக்குப் போய் காய்ந்த முருங்கைக்காய் வாங்கி வந்து, நீ எழுதிய பக்குவத்திலேயே அரைத்து, வடிகட்டி, கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்தேன். ப்ளீச்சிங் ஊற்றிய கையோடு பார்த்தேன், நல்ல ரோஸ். மேஜையில் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தேன். நிறமே இல்லை. விதைப் பாலை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன், இன்னும் சீக்கிரமே மறைந்துவிட்டது. விதையின் சத்து தண்ணீரிலேயே தங்கிக் கிருமியைக் கொல்லப் போட்ட மருந்தைத் தின்றுவிடுகிறது. நீ தொட்டியடியில் பார்த்த ரோஸும் உண்மை, நான் தட்டில் பார்த்த புள்ளியும் உண்மை. வாடை தானாகப் போனதாகச் சொன்னாயே, மருந்து போனதால்தான் வாடையும் போயிருக்கிறது. இத்தனை வருடம் படிகாரத் தண்ணீரையே பார்த்துப் பழகிவிட்டதால் எனக்கு இது உடனே உறைக்கவில்லை.

நீ பொய் சொல்லாத இரண்டு தடவையும் உன்னைத் திட்டினேன். பொய் சொன்ன தடவை தங்கத் தம்பி என்று எழுதினேன்.

உடனே அறிவிப்பை மறுபடி ஒட்டு. வீடு வீடாகப் போய்ச் சொல். கொதிக்க வைக்காமல் ஒரு வாய் யாரும் குடிக்கக் கூடாது. காலையிலிருந்து உனக்குப் போன் போடுகிறேன், எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி போன் அணைந்திருக்கிறது. குடியிருப்பு அலுவலகத்தில் விடுமுறை போலிருக்கிறது, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கே போய்த் தொலைந்தீர்கள் எல்லாரும்? பயமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 23

அக்கா,

உன் கடிதத்தைக் கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கொடுத்தார். அறிவிப்பை மறுபடி ஒட்டி, வீடு வீடாகச் சொல்லும்படி அவரையே திருப்பி அனுப்பினேன். வாண்டுவை முந்தாநாள் இங்கே சேர்த்தோம். வயிற்றால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கண் இரண்டும் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது குளுக்கோஸ் ஏறுகிறது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். எங்கள் வரிசையிலேயே இன்னும் சில வீடுகளில் இருந்தும் வந்து படுத்திருக்கிறார்கள். பெரிய ஆபத்து யாருக்கும் இல்லை.

நீ கண்டுபிடித்தது சரி. கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றினேன். உன்னைப் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன். கிருமியே இருக்க முடியாத தண்ணீரை அனுப்பினால், அதிலும் கிருமி இருக்கிறது என்று எழுதுவாய். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு முன்னால் உன்னையும் அத்தானையும் நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டேன். நீ தேறிவிட்டது என்று எழுதிவிட்டாய். நீ நேர்மையானவள் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. நீ நேர்மையானவள் என்றால் முதல் இரண்டு பாட்டிலிலும் கிருமி இருந்ததும் நிஜம் என்று அடுத்த நிமிஷம் தெரிந்தது. அப்போதே ஓடிப்போய் அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்க வேண்டும். சுற்றி நின்று எல்லாரும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரி அதுவரை ஒரு நாள்கூடக் கொதிக்க வைக்காமல் கொடுத்ததில்லை. உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். இப்போது அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

வாண்டு கஞ்சி குடித்தாள் என்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். உன் கடிதத்தைப் படித்ததும் கன்னத்தில் நான்கு வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் கை உன் பக்கம் மட்டும் ஓங்கவில்லை. உன்னை எல்லாத் தடவையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஒரே தடவை, என் தம்பி ஜெயித்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். விதை வாடை இல்லை என்று என் மூக்குக்குத் தெரிந்தது. என் கையே அதை உனக்கு எழுதியது. அப்படியும் கையெழுத்துப் போட்டேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிவியை அணைத்தார். பிறகு, "பாட்டில் பஸ்ஸுல மாறிப்போச்சுன்னு எழுதிடு. உனக்கும் வேலை போகாது, அவனும் தப்பிச்சுக்குவான்" என்றார். உன்னைக் காப்பாற்ற அவர் சொன்ன வழி அது. ஆனால் அப்படி எழுதினால் கண்டக்டர் தலையில் விழும். மாட்டேன் என்றேன். 'மாதிரித் தண்ணீர் உண்மையானதல்ல, பரிசோதகர் சரிபார்க்கவில்லை' என்று எழுதி, என் சான்றிதழை நானே ரத்து செய்து, தொட்டியைப் பூட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன். விசாரணை வரும். உனக்கும் வரும், எனக்கும் வரும்.

விதையைக் குறை சொல்ல மாட்டேன். அளவாகப் போட்டு, மணல் வடிகட்டி வைத்து, ப்ளீச்சிங் ஊற்றிய பிறகு கடைசிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் இதே தொட்டி தேறும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்கு விருப்பம் இல்லை. உனக்கே தெரியும்.

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

செய்துவிட்டேன். தொட்டியடியில் எல்லாரையும் கூட்டி, நான் அனுப்பியது கொதித்த தண்ணீர் என்று சொன்னேன். எதற்காக அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். அத்தான் படிகாரத்தைப் பற்றி அன்று பேசியது ஆதாரம் இல்லாத பேச்சு என்றும் சேர்த்துச் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் மகனை வைத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும், "உங்க அக்கா மேல இருக்கற கோவத்துக்கு எங்க புள்ளைங்களா கெடைச்சுது?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். "கொதிக்க வச்சுக் குடிங்க" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்காமலே ஒரு ஆள், "அதை நீ சொல்றியா" என்றார்.

வாண்டுவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஆனால் வாய் குறையவில்லை. அவள் அம்மா தண்ணீர் கொடுத்தால் மடக்கென்று குடித்துவிடுகிறாள். நான் கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது நெஜமாவே கொதிக்க வச்சதாப்பா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். அவள் கண் முன்னால்தான் கொதிக்க வைத்தேன் அக்கா. அப்படியும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் போய், "குடிக்கலாமாம்மா?" என்று கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை வா. அத்தானும் வந்தால் நல்லது. தொட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன், நீ அங்கேயே வாங்கிக்கொள். பாட்டிலை நீயே நிரப்பு, நீயே மூடு. நான் தள்ளி நிற்கிறேன்.

தம்பி